முழுசாய் மடங்கும் முழங்கால்

ஜனவரி 12

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன், ஆகவே நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

முழங்கால் பேச்சை இனிமேல் தொலைபேசியில் எடுக்கக் கூடாது என்று அத்தான் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். போன ஞாயிறு நீ படக்கென்று வைத்த பிறகு அவரே கூப்பிட்டார். "மச்சான், நீங்க ரெண்டு பேரும் கத்துறது பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது. நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வந்து வீட்லயும் ஹாரன் சத்தமா? முட்டியப் பத்தி என்ன இருந்தாலும் பேப்பர்ல எழுதிக்குங்க. எழுதும்போது எவனும் குறுக்க பேச முடியாது" என்றார். குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு வசதிதான். கேள்.

நீ அனுப்பிய செயற்கை மூட்டு விளம்பரத் தாளைப் பார்த்தேன். ஒரு பெண் குத்துக்காலிட்டுச் செடி நடுகிறாள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்கு ஆபரேஷனே நடந்திருக்காது. அவளை விடு.

முழங்கால் மாற்று மூட்டில் தொடை எலும்பின் நுனிக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. சாதாரண வகையை நூற்றி இருபது டிகிரிக்கு மேல் மடக்கினால் தொப்பியின் பின் விளிம்பு பிளாஸ்டிக்கை உளி மாதிரி குத்தத் தொடங்கும். நீ ஆசைப்படுகிற அதிகம் மடங்கும் வகையில் அந்தப் பின்பக்கத்தை நீட்டி உருட்டியிருக்கிறார்கள். ஆழமாக மடக்கினாலும் உலோகம் பரவலாக உட்காரும். இது நல்லது. நான் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்று சொல்வாயே, இதில் கண்டுபிடிக்கவில்லை.

கெட்டதற்கு வருகிறேன். நீட்டிய உலோகத்துக்கு இடம் வேண்டுமே. அதற்காகத் தொடை எலும்பின் பின்னாலிருந்து இன்னும் இரண்டு மில்லிமீட்டர் சீவுவார்கள். சீவினது சீவினதுதான், நகமில்லை வளர்வதற்கு. பின்னாளில் மூட்டை மாற்ற வேண்டி வந்தால் பிடிமானம் அவ்வளவுக்குக் குறையும். அடுத்தது, ஆழமாக மடக்கி அதன் மேல் உடம்பின் பாரத்தையும் போட்டால் தொப்பியின் முன்பக்கம் எலும்பை விட்டு எழும்பப் பார்க்கும். கரண்டியால் டப்பா மூடியை நெம்புவது போல. தினமும் நெம்பினால் அடியில் பூசிய சிமெண்ட் விட்டுப்போகும். நான் ஆய்வகத்தில் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். எந்திரத்தில் மூட்டுகளை மாட்டி, மடக்கி நீட்டி, எது எப்போது விடுகிறது என்று பார்ப்பது.

இதற்கெல்லாம் மேல் ஒன்று. மூட்டு மடங்க இடம் கொடுக்கும், தானாக மடக்காது. சுற்றியுள்ள தசையும் நாரும் பழசுதானே. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் பின்னும். ஆகவே அளந்து எழுது. பெரிய கோணமானி ஒன்று அனுப்பியிருக்கிறேன். கட்டிலில் மல்லாந்து படுத்து, குதிகாலைப் பின்னுக்கு இழுத்துக்கொள். கோணமானியின் ஒரு கை இடுப்பு எலும்பைப் பார்க்க வேண்டும், மறு கை கணுக்காலைப் பார்க்க வேண்டும். அத்தான் பிடிக்கட்டும். நூற்றி இருபத்தைந்துக்கு மேலென்றால் நீ கேட்கிற வகைக்கு அர்த்தமுண்டு. நூற்றிப் பத்துக்குக் கீழென்றால் சாதாரண மூட்டைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்.

எண்ணை மட்டும் எழுது. கதை வேண்டாம்.

தம்பி


ஜனவரி 25

அவசரக்குடுக்கைக்கு,

இங்கே இருவரும் நலம். உன் சளி விட்டதா? போனில் மூக்கால் கத்தினாய், அதனால் பாதி திட்டு புரியவில்லை. வெந்நீரில் கொப்பளி. கதை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், அதற்காகவே முதலில் கதை.

நீ எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். தவழ்கிறவர்கள் அறை வாசலில் நின்று, ஃபினாயில் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாய். உள்ளே வந்திருந்தால் அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை என்று கண்டிருப்பாய். பஞ்சு மெத்தை விரித்த தரை, சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு அலமாரி, அவ்வளவுதான். நின்று பார்க்கிறவளுக்கு அந்த அறையில் உச்சந்தலைகள் மட்டும்தான் தெரியும். எவன் வாயில் எதைப் போட்டுக் குதப்புகிறான் என்று தெரிய வேண்டுமானால் கன்னத்துக்கு நேரே கன்னம் இருக்க வேண்டும். இருபது வருஷமாய் என் கன்னம் அங்கேதான் இருக்கிறது. தெருவில் என்னைவிட உயரமாய் வளர்ந்து நிற்கிறவனெல்லாம் என் மடியில் கக்கியவன்தான்.

எங்கள் மேலாளர், அந்தக் கண்ணாடிக்காரி, போன வாரம் வந்தாள். "ரொம்ப சிரமப்படுறீங்களே, ஒரு சேர் போடச் சொல்லட்டுமா?" என்றாள். "எதுக்கு? பொம்மையோட பொம்மையா என்னையும் ஷெல்ஃப்ல வெச்சிடுங்களேன்" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஆபரேஷன் முடிஞ்சு தரையில உட்கார முடியலைன்னா அந்த ரூம்ல வெக்க எனக்கு அனுமதி கிடையாதும்மா. குழந்தைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றாள். சிரிக்காமல் சொன்னதுதான் நிஜம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைக்கு இறங்க முடிந்தால் எனக்கு வேலை உண்டு, என் அறை உண்டு. இல்லையென்றால் இல்லை. அதனால்தான் முழுசாய் மடங்குகிறதைக் கேட்கிறேன். குத்துக்காலிட்டுச் செடி நட அல்ல.

உன் கோணமானி வந்தது. அத்தான் என் காலை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்றார். எண்ணைக் குறித்துக்கொள். நூற்றி முப்பத்திரண்டு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

சளி போய்விட்டது. கொப்பளித்ததால் அல்ல, தானாக.

நூற்றி முப்பத்திரண்டை நான் எதிர்பார்க்கவில்லை. நீ படியேறும்போது கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தவன் நான், தொண்ணூறு சொச்சம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வலி வேறு, மடங்குவது வேறு போலும். எண் எண்தான். எண்ணோடு சண்டை போடுவதில்லை.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இவ்வளவு மடங்குகிற காலில் சாதாரண மூட்டைப் போட்டால்தான் தப்பு. தரையில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் அதன் விளிம்பு பிளாஸ்டிக்கை அரிக்கும். அதிகம் மடங்கும் வகை உனக்குப் பொருந்தும். இரண்டு மில்லிமீட்டர் எலும்பு போவது போகட்டும், அதற்கு ஈடாக உனக்கு ஏதோ கிடைக்கிறது. ஆனால் ஒன்று. உட்காரலாம், குத்துக்காலிட்டபடி குழந்தையைத் தூக்கக் கூடாது. இறங்கும்போதும் எழும்போதும் கைகொடுத்து இறங்கு, அந்தக் கால் மேல் முழுப் பாரத்தையும் போடாதே.

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் வேண்டுமானால் காட்டு. விற்பனைக்காரன் பேச்சைக் கேட்டு நீ வந்ததாக அவர் நினைக்க வேண்டாம்.

இங்கே வேலை நெருக்கம். எங்கள் ஆய்வகத் தலைவருக்குப் "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாது. எந்திரத்துக்குப் புது மோட்டார் கேட்டேன். பார்க்கலாம். விடுமுறை கேட்டேன். பார்க்கலாம். ஒருநாள் அவர் நாற்காலியை அந்த எந்திரத்தில் மாட்டி ஓடவிடப் போகிறேன், அப்போது பார்க்கட்டும்.

அத்தானுக்கு வணக்கம். அளந்து கொடுத்ததற்கு நன்றி என்று சொல்.

தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

நலம். உன் நன்றியைச் சொன்னேன். அத்தான் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு டியூட்டியே இல்லை.

டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். "உங்க தம்பி இந்த மூட்டையே டெஸ்ட் பண்றவரா? அவரே சொல்றார்னா அப்புறம் நான் என்னம்மா சொல்றது" என்றார். மார்ச் ஐந்தாம் தேதி என்று முடிவாகிவிட்டது. காப்பகத்தில் மூன்று மாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். என் இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். சடாரென்று உட்கார்கிறாள், சடாரென்று எழுகிறாள். பார்க்கவே எரிச்சலாய் இருக்கிறது.

நீ வருவாயா? வேலை இருந்தால் வேண்டாம். சும்மா கேட்டேன்.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

மார்ச் முழுக்க என் எந்திரம் ஒரு சோதனையில் ஓடுகிறது. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஆகவே வர முடியாது. நான் வந்து நின்று செய்வதற்கும் அங்கே ஒன்றுமில்லை, கத்தி டாக்டர் கையில்தான் இருக்கும்.

மறுநாளே எழுந்து நிற்கச் சொல்வார்கள். நில். வலிக்கிறது என்று படுத்துக்கொண்டால் சதை ஒட்டிக்கொள்ளும். முழங்காலுக்கடியில் தலையணை வைக்காதே. எண்ணை வாரா வாரம் எழுது.

நல்லபடியாக நடக்கும்.

தம்பி


ஏப்ரல் 21

என் எந்திரத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தரம் எழுதியிருக்கிறேன். நீ அத்தானுக்கு அனுப்பிய எல்லாக் குறுஞ்செய்திகளுக்கும் சேர்த்து. "எண் என்ன" என்பதைத் தவிர வேறு கேள்வி உன் ஊரில் விற்பதில்லையா?

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளைப் பற்றி எழுத மாட்டேன். மூன்றாம் நாளிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். ஒல்லிக்குச்சி. பிடி மட்டும் போலீஸ் பிடி. அவள் வரும் சத்தம் கேட்டாலே பக்கத்துக் கட்டில் அம்மாள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். நானும் மூடிப் பார்த்தேன். "நடிக்காதீங்க ஆன்ட்டி, தூங்குறவங்களுக்கு இமை துடிக்காது" என்று போர்வையை உருவினாள்.

வீட்டில் அத்தான்தான் சமையல். உப்பு என்று ஒன்று உண்டு என்பதை அவர் பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார். நான் குறை சொல்லவில்லை. குறை சொன்னால் நீயே செய் என்பார், நான் எழுந்து போய்விடுவேன் என்று அவருக்குப் பயம்.

இதையெல்லாம் விடு, ஒரு நல்ல செய்தி. அத்தான் தொந்தியைக் குறைக்க வாங்கிப்போட்ட சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா, நாங்கள் துணி காயப்போடுகிறோமே, அது. போன வருஷம் முழுக்க நான் அதில் ஏறிப் பார்த்திருக்கிறேன். பெடல் பாதி தூரம் மேலே வரும், அதற்கு மேல் கால் மடங்க மாட்டேன் என்று அப்படியே நின்றுவிடும். நேற்று முழுச் சுற்று வந்துவிட்டது. முதலில் பின்பக்கமாய், அப்புறம் முன்பக்கமாய். அத்தான் கைதட்டினார். ஈரத் துணியோடேயே சுற்றினேன்.

ஜூனில் வேலைக்குத் திரும்புவேன். நேற்று கண்ணாடிக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். சைக்கிளுக்காகச் சந்தோஷப்பட்டேன். திரும்ப எந்திரத்துக்குப் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. பெடல் ஒரு முழுச் சுற்று வர முழங்கால் நூற்றி ஐந்து மடங்கினால் போதும். போன வருஷம் முழுக்க உன்னால் அந்தச் சுற்றைச் சுற்ற முடியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நூற்றி ஐந்துகூட மடங்காத முழங்கால் ஜனவரியில் மட்டும் நூற்றி முப்பத்திரண்டு மடங்கியது எப்படி?

அது யாருடைய கால்? அத்தானுடையதா? எதிர்வீட்டுப் பையனுடையதா?

அந்த எண்ணை நம்பித்தான் போடலாம் என்று எழுதினேன். அதை டாக்டரிடம் காட்டச் சொன்னதும் நான்தான். அவர் மடக்கிப் பார்க்காமலா இருந்திருப்பார்? அவருக்கு வராத எண் எனக்கு எப்படி வந்தது? தொண்ணூறு சொச்சம் மடங்குகிற காலுக்குச் சாதாரண மூட்டே தாராளம். உன் எலும்பைச் சீவியெடுத்துவிட்டு அங்கே நீ ஒருபோதும் எட்ட முடியாத ஓர் இடத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். மாடிப்படி இல்லாத வீட்டுக்கு மாடி.

இரண்டு கேள்வி. ஜனவரியில் உண்மையான எண் என்ன? இப்போது என்ன? கதை, உப்பு, சைக்கிள், ஒன்றும் வேண்டாம்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாய் இருக்க வேண்டும். ஒரு மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உட்கார்ந்து எழ இப்போது முடிகிறது என்று வைத்துக்கொள்.

அது இடது கால். வேறு யாருடையதும் இல்லை, அதுவும் என்னோடு பிறந்த கால்தான். அத்தான் முதலில் வலதைத்தான் அளந்தார். தொண்ணூற்றைந்து. உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நூற்றிப் பத்துக்குக் கீழென்றால் வேலையைப் பார் என்று எழுதியிருந்தாய். எந்த வேலையைப் பார்ப்பதடா? அப்புறம் அத்தானை இடப்பக்கம் வரச் சொன்னேன். "இது சரியில்ல, அவன் கேட்டது நோவுற காலை" என்றார். "அவன் கால்னுதான் எழுதியிருக்கான், எந்தக் கால்னு எழுதலை" என்றேன். நீ எழுதவில்லை, போய்ப் பார்.

டாக்டர் மடக்கிப் பார்த்தார். "இவ்வளவுதான் வருதே" என்றார். "வலியிலே பிடிச்சிக்குது டாக்டர், வீட்டுல தளர்வா படுத்தா வரும், தம்பி அளந்து எழுதியிருக்கான்" என்று உன் கடிதத்தை நீட்டினேன்.

இப்போது நூற்றியெட்டு. நீ திட்டுவாய். திட்டு. ஆனால் நான் விட்டுவிடவில்லை. பயிற்சிக்காரப் பெண் சொன்னதற்கு மேலும் செய்கிறேன். மதியம் அத்தான் டியூட்டிக்குப் போனதும் துண்டைக் கணுக்காலில் மாட்டி இழுக்கிறேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்குகிறேன், குத்துக்காலிட்டு அப்படியே பாரத்தைப் போட்டு அழுத்துகிறேன். உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருக்கும், அப்புறம் விடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வருகிறது, எனக்குத் தெரிகிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தேன். தரையில்தான் இருந்தேன். எழும்போது அலமாரியைப் பிடித்தேன், யாரும் பார்க்கவில்லை.

நீ எண்ணைத்தான் நம்புவாய் என்று தெரிந்துதான் எண்ணைக் கொடுத்தேன். என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

கோபம் போனதும் எழுது. அதுவரை வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் தூக்கமில்லை. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை, அதற்கு வேறு காரணம்.

உன் கடிதம் கண்டதும் தலைவர் "பார்க்கலாம்" என்று சொல்வதற்குள் கிளம்பி வந்தவன் நான். வழியெல்லாம் உன்னைத் திட்டுவதற்கு வரிசையாக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் நீ, "இரு இரு, பாரு" என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு கையைச் சோபாவில் ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தரைக்கு இறங்கிக் காட்டினாய். நெற்றியெல்லாம் வியர்வை. முகமெல்லாம் சிரிப்பு. நான் கைதட்டினேன். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்களே. நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். "என்னடா சொன்னார்?" என்றாய். "எல்லாம் இடத்துல இருக்காம்" என்றேன். அப்புறம் ஆட்டோவில் வீடுவரை சாலைப் பள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

வாய்க்கு வந்ததைப் பட்டென்று போடுகிறவன் என்று எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்வாயே. பட்டென்று போட முடியவில்லை. இரண்டு நாள் உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் வரவில்லை. அந்த ஓட்டைச் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன், குழாயை இறுக்கினேன், கிளம்பி வந்துவிட்டேன். குறுக்கே பேச முடியாத இந்தத் தாளில்தான் சொல்ல முடிகிறது.

எக்ஸ்ரேயில் தொப்பியின் முன்பக்கம், உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே, ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. முடி அளவுக்கு மெல்லிசு. டாக்டர் சொன்னது: "இது ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். பல பேருக்கு இருக்கும், அப்படியே இருந்துடும். ஆனா இவங்க அழுத்துற அழுத்துக்கு இது வளந்துதுன்னா மூட்டு ஆடும். மறுபடி திறக்கணும்." உன்னிடம் சொல்லிவிடுமாறு என்னிடம் ஒப்படைத்தார். நான் சொன்னால்தான் நீ கேட்பாயாம்.

ஆய்வகத்தில் அதே கோட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததும் எந்திரத்தை நிறுத்தி, மாதிரியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். இப்போது எந்திரத்தின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அது மடக்குகிற ஒவ்வொரு தடவையும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நீ இறங்குவது தெரிகிறது. எழுந்து வெளியே போகிறேன், திரும்ப வருகிறேன். தலைவர் "உடம்பு சரியில்லையா?" என்றார். பார்க்கலாம் என்றேன்.

எந்தக் கால் என்று எழுதாதது என் தப்பு. நோவுற கால் என்பது உனக்குத் தெரியாதா என்பது என் கட்சி. அந்த வழக்கு இருக்கட்டும்.

அக்கா, துண்டைத் தூக்கிப் போடு. குத்துக்காலிடாதே. முழங்காலை ஆழமாக மடக்கிப் பாரத்தைப் போடாதே, ஒரு தடவைகூட. நட, படியேறு, நாற்காலியில் உட்கார், சைக்கிளைச் சுற்று. இவ்வளவுக்கும் அந்த மூட்டு நன்றாக உழைக்கும், நீண்ட காலம் உழைக்கும். தரை மட்டும் வேண்டாம். தரை வேண்டாம் என்றால் உனக்கு என்ன போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நலம். அத்தானும் நலம், உப்பும் நலம். நீ சாப்பாட்டைப் பிரிக்காமல் வைத்து வீணாக்கியதை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாளாகும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே படித்தேன். மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போய்த் தரையில் இறங்கினேன். முடி அளவுக் கோடுதானே, முடி உதிர்கிற மாதிரி அதுவும் உதிர்ந்துவிடும் என்று. அதற்கடுத்த நாளும் இறங்கினேன். அந்த வாரம் முழுக்க இறங்கினேன். உன்னிடம் சொல்லாமல் என்ன.

வெள்ளிக்கிழமை. நான் அலமாரி ஓரம் உட்கார்ந்திருந்தேன். அறையின் அந்த மூலையில் ஒரு குட்டிப் பெண் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டதைப் பார்த்தேன். கன்னத்துக்கு நேரே கன்னம் இருந்ததால்தான் பார்த்தேன். பார்த்து என்ன? எழ வேண்டுமே. அலமாரியைப் பிடித்து, இடது காலை ஊன்றி, வலதை இழுத்து... "பொத்தான்! பொத்தான்!" என்று கத்தினேன். அந்தச் சடாரென்று எழுகிற பெண் குளியலறையிலிருந்து ஓடிவந்து விரலை விட்டு எடுத்தாள். அவள் எடுத்து முடித்தபோதும் நான் பாதிதான் எழுந்திருந்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்தது.

"விடுங்கக்கா, நான்தான் எடுத்துட்டேனே" என்றாள் அந்தப் பெண். யாரிடமும் சொல்லவில்லை அவள். சொல்லவும் மாட்டாள். நானே கண்ணாடிக்காரியிடம் போனேன். கோட்டைச் சொன்னேன், பொத்தானைச் சொன்னேன், அலமாரியைப் பிடித்து எழுவதையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வீட்டுக்குப் போகச் சொல்லப்போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். "நாலு வயசு ரூம்ல ஆள் இல்ல. அங்க மேஜை நாற்காலிதான். ஆனா உங்களுக்கு அவங்களப் பிடிக்காதே" என்றாள்.

பிடிக்காதுதான். தவழ்கிறவன் பேச மாட்டான். நாலு வயசுக்காரன் பேசுவான், அதற்கப்புறம் நிறுத்த மாட்டான். முதல் நாளே என் பாவாடை ஓரத்தில் தழும்பைப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "உள்ள என்ன?" "இரும்பு." "துரு பிடிக்குமா?" "பிடிக்காது." "காந்தம் ஒட்டுமா?" இது உன் கேள்வி, நீ பதில் எழுது. ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, "மடக்கிக் காட்டு" என்றாள்.

டாக்டரிடம், கண்ணாடிக்காரியிடம், உன்னிடம், எல்லோரிடமும் நான் இல்லாததைச் சேர்த்துத்தான் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி, எதையும் பிடிக்காமல், இழுக்காமல், தானாக வருகிற வரைக்கும் மடக்கினேன். "இவ்வளவுதான்" என்றேன்.

"ஏன்?"

"இவ்வளவுதான் வரும்."

"என்னுது மூக்கு வரைக்கும் வருமே" என்று சொல்லி அவள் தரையில் மல்லாந்து படுத்து முழங்காலால் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் அறை முழுக்க மல்லாந்தது. நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த எக்ஸ்ரே அக்டோபரில். கோடு வளர்ந்தால் எழுதுகிறேன், வளராவிட்டாலும் எழுதுகிறேன். துண்டை அத்தான் பஸ் கண்ணாடி துடைக்கக் கொண்டுபோய்விட்டார்.

இருப்புக் கொள்ளவில்லை என்பதுதான் நிஜம். எங்கள் அறைக்கும் தவழ்கிறவர்கள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அழுகை கேட்டால் எழுந்துவிடுகிறேன், நிற்கிறேன், உட்காருகிறேன். நேற்று ஒன்று விடாமல் அழுதது. அந்தப் பெண் பாலைக் கலக்குகிற சத்தம் கேட்டது. பாட்டில் வருகிறது, அழுகை இன்னும் கூடுகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். "பசி இல்லம்மா, பல்லு. ஈறை விரலால தேய்ச்சு விடு" என்றேன். தேய்த்தாள். அழுகை நின்றது.

வாசலில் நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அக்கா